ஒரு சிட்டிகைச் சிவப்பு

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

டர்பன்டைன் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் விரல் இடுக்கில் அரித்தது. பிறகு முழங்கை வரை தடித்தது. காரைக்குடி மருத்துவர் களிம்பு கொடுத்தார், மதுரை மருத்துவர் வேலையை விடச் சொன்னார். ஐம்பத்தைந்து வயதில் தூரிகைகளைக் கழுவி, நீளவாரியாக அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன். கழுவியதும் டர்பன்டைனில்தான் என்பதால் அன்றைக்கும் அரித்தது.

போகும் முன் உங்களுக்கு ஏதாவது எழுதி வைக்கும்படி மேடம் கேட்டார். மேடம் என்றால் காரைக்குடி செக்காலையில் இந்தப் பட்டறையை நடத்துகிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், எனக்கு எண்ணெய் வண்ணம் கற்றுக்கொடுத்தவர். எந்த வண்ணத்தோடு எதைக் கலப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அதை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிற ஆட்கள் உங்கள் கைப்பேசிக்குள் இருக்கிறார்கள். ஆனால் கை பரபரக்கும்போது என்ன செய்வது என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பரபரப்பு பிறவியிலேயே உண்டு. அதனால் அது என்னைப் படுத்திய ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதுதான் என் முதல் ஓவிய வேலையும்.

நான் வளைகுடாவில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த நாள்காட்டியை நேராக்குவேன், அலமாரிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விடுவேன். என் மனைவி சபுரா சொன்னாள்: “ஒங்க கைக்கு வேல இல்லைன்னா எனக்குத்தான் கை நடுங்குது. எங்குட்டாச்சும் போய்ட்டு வாங்களேன்.” அப்படித்தான் இந்தப் பட்டறையில் படங்களுக்குச் சட்டம் அடிக்கச் சேர்ந்தேன். மூலைகள் இம்மி பிசகாமல் சேர்ந்ததைப் பார்த்த மேடம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“பாய், ஒங்களுக்குக் கோடு வரும். படம் வருமான்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு குடுத்துப் பாக்குறேன். ஒரு வீட்டுக் கூடத்துல இருக்கிற எளிமையான நிலக்காட்சி. அத ஆயில்ல நகல் எடுங்க. அந்த வீட்டு ஆச்சி அத ஆணியில மாட்டிக்கிட்டாகன்னா நீங்க ஓவியப் பக்கம் இருக்கலாம். வேணாம்னு திருப்பிட்டாகன்னா பழையபடி சட்டம் அடிங்க. கோவிச்சுக்கக் கூடாது.”

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து சட்டம் அடிக்கக் கை ஓடவில்லை.

வீடு கீழச்சிவல்பட்டியில். அங்கே இருந்தவர் உமையாள் ஆச்சி. ஐம்பதை ஒட்டிய வயது, கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த வருஷம்தான் வீட்டுச் சாமான்களைச் சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்திருந்தார்கள். பெரிய கூடத்தில் மாட்டியிருந்த அந்த மேல்நாட்டுப் படம், சென்னையில் இருக்கும் கொழுந்தனார் சொக்கலிங்கத்தின் பங்குக்கு விழுந்தது. ஆடியில் சாமான் எடுக்க அவருக்கு மனமில்லை. ஆவணி பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நகல் முடிந்து, படம் போன இடத்தில் நகல் ஏற வேண்டும்.

“படம் அவுகளுக்கு, ஆணி எனக்கு,” என்றார் ஆச்சி, முதல் நாள் என்னைக் கூடத்துக்குள் அழைத்துப் போனபோது. “வெறும் ஆணியப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சாப்பிடுறது? அதான் ஒங்களக் கூப்பிட்டது.”

படத்தைப் பார்த்தேன். முக்கால் பங்கு வானம். கீழே தாழ்ந்த தரை. இடப்பக்கம் ஒற்றை மரம், அதன் அருகில் ஒரு குட்டை, குட்டையைச் சுற்றி வளைந்து போகும் ஒரு வண்டிப்பாதை. அவ்வளவுதான். ரங்கூனில் ஏலத்தில் எடுத்தது என்று வீட்டில் ஒரு பேச்சு, கப்பலிலேயே கைமாறியது என்று இன்னொரு பேச்சு. கையெழுத்து இல்லை. ஆனால் சென்னையிலிருந்து வந்து பார்த்தவர்கள் எல்லாம், யாரோ பெரிய கை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அது தெரியவில்லை. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

அந்தக் கூடத்திலேயே கான்வாஸை நிறுத்தி முதலில் கட்டம் போட்டேன். மரத்தின் ஒவ்வொரு கிளையும் எந்தக் கட்டத்தில் ஏறி எந்தக் கட்டத்தில் இறங்குகிறது என்று குறித்தேன். மேடம் வந்து பார்த்தார்.

“இந்த மரத்த வச்சு வீடு கட்டலாம் பாய். கம்பி எத்தனன்னு மட்டும் சொல்லுங்க.”

அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அது பரவாயில்லை. என்னைக் கொன்றது வானம்.

நான் இருந்த தொழிலில் ஒரு கோடு போட்டால் போட்டதுதான். சாயங்காலம் தாளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம். எண்ணெய் வண்ணம் அப்படி இல்லை. இன்று பூசியது நாளையும் ஈரம், நாளை மறுநாளும் ஈரம். ஆடிக் காற்று வேறு. திறந்த முற்றத்தின் வழியே செம்மண் தூசி வந்து நேராக என் வானத்தில் உட்காரும். அதை எடுக்கப் போவேன், எடுத்த இடத்தில் தடம் விழும், தடத்தை மறைக்க இன்னொரு பூச்சு, அது கீழே இருந்த ஈரத்தோடு கலந்து சாம்பலாகும். காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன். தேநீர் குடித்துவிட்டு மறுபடி தொடுவேன். வீட்டுக்குப் போனால் சோற்றைப் பிசைந்துகொண்டே ஜன்னல் வழியே பார்ப்பேன்.

“வானம் அங்கதான் இருக்கும், எங்கயும் போயிறாது. சாப்புட்டுட்டுப் பாருங்க,” என்பாள் சபுரா.

மூன்றாவது வாரம் மேடம் வந்தபோது என் வானம் கழனித்தண்ணீர் நிறத்தில் இருந்தது. அவர் கத்தியை எடுத்து, வானம் முழுவதையும் மேலிருந்து கீழ் வரை வழித்துத் துணியில் துடைத்தார். பிறகு கேட்டார்:

“காயலைன்னு தொட்டீகளா, தொட்டதால காயலையா?”

புதிய வானத்தை அவர் எதிரிலேயே ஒரே மூச்சில் பூசச் சொன்னார். பூசினேன். முடிந்ததும் தூரிகைகளை எல்லாம் தம் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நாலஞ்சு நாளைக்கு இது எங்கிட்ட இருக்கட்டும். நீங்க வீட்டுல இருங்க.”

நான் வீட்டில் இருக்கவில்லை. மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். தூரிகை இல்லை, வேலை இல்லை. ஒரு நாற்காலியைப் போட்டு மூலப் படத்தின் எதிரில் உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“என்ன பாய், சும்மா வந்து ஒக்காந்திருக்கீக?” என்றார் ஆச்சி.

“பாக்கத்தான் ஆச்சி.”

“இத்தன நாளா பாக்காமலா வரஞ்சீக?”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்த நாட்களில்தான் நான் அந்தப் படத்தை உண்மையில் பார்த்தேன். கட்டம் போட்டபோது கணக்கில் வராத ஒன்று அப்போது கண்ணில் பட்டது. மரத்துக்கு வலப்பக்கம், பாதை வளைகிற இடத்தில், குன்றிமணி அளவுக்கு ஒரு சிவப்பு. அதன் கீழே பாதையின் மேல் மெல்லிய கீற்றாக ஒரு நிழல். மர நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே பக்கம், அதே சாய்வு.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏனென்றால் முன்பொருமுறை மேடம் சொல்லியிருந்தார்: பச்சை மிகுந்த படத்தில் பெரிய கைகள் ஒரு சிட்டிகைச் சிவப்பு வைப்பார்கள், அந்த ஒரு துளியில்தான் பச்சை முழுவதும் விழித்துக்கொள்ளும் என்று. இதோ அந்தச் சிட்டிகை. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த பெரிய கை இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. ஏதோ பூத்த செடியாக இருக்கும், அல்லது எல்லைக்கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வானம் காய்ந்தது. தூரிகைகள் திரும்பி வந்தன. தரை, குட்டை, மரம் எல்லாம் ஓரளவு நிதானத்தோடு முடித்தேன். சிவப்பைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது சாதாரணச் சிவப்பு இல்லை. மங்கலாக, கொஞ்சம் கருத்து, ஓரத்தில் மஞ்சள் கசிந்து, நடுவில் மெல்லிய வெடிப்புகளோடு இருந்தது. அந்த நிறத்தைக் கலக்கவே ஒரு காலைப்பொழுது ஆனது. ஓரத்து மஞ்சளையும் விடவில்லை, வெடிப்பையும் விடவில்லை. மிக மெல்லிய தூரிகையால், மூச்சை அடக்கி, வைத்தேன்.

ஆச்சி தேநீர் கொண்டுவந்தார். மூலத்தைப் பார்த்தார், என் படத்தைப் பார்த்தார், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன பாய்... பொட்டையும் சேத்துல்ல வரஞ்சு வச்சிருக்கீக!”

“என்ன பொட்டு?”

“குங்குமப் பொட்டு பாய்! ஆயுத பூசைக்கு வீட்டுல சட்டம் போட்ட படம் எல்லாத்துக்கும் சந்தனம் வச்சு குங்குமம் வைப்போம்ல. அது வருஷா வருஷம் வச்சது. ஒங்க வீட்டுல வைக்க மாட்டீக, ஒங்களுக்கு எப்படித் தெரியும்!”

ஊரெல்லாம் பார்த்திருக்கிறேன். கடைத் தராசில், லாரி முகப்பில், தையல் இயந்திரத்தில் பொட்டைப் பார்த்திருக்கிறேன். என் வண்டியைப் பழுது பார்க்கும் கடையில் ஒரு வருஷம் என் வண்டிக்கே வைத்து அனுப்பினார்கள். ஆனால் ஓர் ஓவியத்தின் மேல் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதன் வெடிப்பைக்கூடத் தீட்டி வைத்திருந்தேன்.

கை தானாகத் துணிக்குப் போனது. ஈரம்தான். டர்பன்டைன் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் அடையாளமே இருக்காது.

“இருங்க, இருங்க,” என்றார் ஆச்சி. “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. கொழுந்தனார் பாத்தாகன்னா சிரிப்பாக, அவ்வளவுதான்.”

துணியைக் கையில் பிடித்துக்கொண்டே மேடத்தைக் கைப்பேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது.

“ஆச்சி தொடைக்கச் சொன்னாகளா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு அவசரம்?”

“தப்பா இருக்கே மேடம்.”

“இருக்கட்டும். காயட்டும். காஞ்சப்புறமும் தப்பாத் தெரிஞ்சா மேல பூசிக்கலாம். கைய எடுத்துட்டு வெளிய வாங்க.”

வெளியே வந்தேன். ஆவணி பிறக்கும் வரை அந்தச் சிவப்பு எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பட்டறையில் சட்டம் அடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் இடத்தை யாரோ காட்டுவது போல இருக்கும். நீங்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எனக்கு அறிவு வந்ததால் நான் அதைத் துடைக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். மேடத்துக்குப் பயந்துதான் விட்டேன்.

ஆவணி பிறந்து, நல்ல நாள் பார்த்து, சொக்கலிங்கம் வந்தார். வண்டி, மரப்பெட்டி, பெட்டியில் அடுக்க வைக்கோல், தூக்க இரண்டு ஆட்கள். நல்ல மனிதர், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். மேடம் ஒரு வழக்கு விஷயமாகச் சிவகங்கை நீதிமன்றத்தில் இருந்தார், பிற்பகல்தான் வர முடியும். நான் மட்டும் நகலோடு நின்றேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “பரவாயில்லயே!” என்றார். பிறகு கிட்டப் போனார். “இதென்ன செவப்பு?”

ஆச்சி சொன்னார்.

“அடக் கடவுளே! ஆயில் பெயிண்டிங்குக்குப் பொட்டு வச்சிருக்கீகளா? இத மெட்ராஸ்ல நாலு பேரு பாக்க மாட்டுனா என்னய என்ன நெனைப்பாக? ஒரு துணிய நனைச்சு எடுத்துட்டு வாங்க.” தூக்க வந்தவரில் ஒருவர் முற்றத்துக் குழாயில் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். சொக்கலிங்கம் சட்டைக் கையை மடித்தார். என் நகலையும் விரலால் காட்டினார். “பாய், நீங்களும் அதத் தொடைச்சிருங்க. நல்ல கூத்து.”

எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை நாளாகத் துடைக்கத் துடித்துக்கொண்டிருந்தவன். கையில் துணியும் எடுத்துவிட்டேன்.

ஆச்சி ஓரமாக நின்று, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: “மாமியா இருந்திருந்தா விட மாட்டாக. எல்லாப் படத்துக்கும் வச்சுட்டு, ஸ்டூல்ல இருந்து எறங்குறதுக்கு முன்னாடி கேப்பாக, ‘அவளுக்கும் வச்சாச்சா’ன்னு. இந்தப் படத்தத்தான் அப்படிச் சொல்லுவாக.”

துணியோடு நின்றுவிட்டேன்.

“என்ன சொன்னீக ஆச்சி?”

“என்னது?”

“மாமியா என்னன்னு கேப்பாக? அப்படியே சொல்லுங்க.”

“அவளுக்கும் வச்சாச்சான்னு.”

“அவளுக்கா, அதுக்கா?”

“அவளுக்குத்தான். படத்த அப்படிச் சொல்றாகன்னு நெனச்சேன். லச்சுமி, சரஸ்வதின்னு சொல்றாப்புல.”

சொக்கலிங்கத்தின் ஈரத்துணி படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் நடுவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. என் தோள் அவர் கையை இடித்தது.

“என்ன பாய் இது?”

“ஒரு நிமிஷம் பொறுங்க. ஆச்சி, லட்சுமி படத்துல பொட்ட எங்க வைப்பீக?”

“நெத்தியில.”

“மாமனார் போட்டோவுக்கு?”

“நெத்தியிலதான்.”

“ஊஞ்சலுக்கு?”

“பலகை நடுவுல. எதுக்குக் கேக்குறீக?”

“அப்ப இந்தப் படத்துக்கு நடுவுலயும் வைக்காம, சட்டத்துலயும் வைக்காம, மரத்துலயும் வைக்காம, எதுக்கு இந்த ஓரத்துல வச்சாக?”

ஆச்சி யோசித்தார். “மாமியா வச்ச எடத்துலயே நானும் வச்சேன்...”

நான் நிழலைக் காட்டினேன். பாதையின் மேல் விழுந்திருக்கும் அந்தக் கீற்று. மரத்தின் நிழலுக்குச் சொந்தக்காரன் மரம். இந்த நிழலுக்குச் சொந்தக்காரர் யார்? குங்குமத்துக்கு நிழல் விழாதே. “இங்க யாரோ நிக்கிறாக. மாமியா அவுக நெத்தியிலதான் வச்சிருக்காக. சந்தனம் காஞ்சு வருஷா வருஷம் ஏறிப்போயி ஆளே மூடிருச்சு. ஈரத்துணியப் போட்டு இழுத்தா சந்தனத்தோட அவுகளும் வந்துருவாக.”

சொக்கலிங்கம் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “பாய், நகல் எடுக்க வந்தீக, எடுத்தாச்சு. இது என் பங்கு. என் பொருள நான் தொடைக்கிறேன்.”

“தொடைங்க. மேடம் வந்தப்புறம் தொடைங்க. அவுகளுக்கு எப்படி எடுக்கணும்னு தெரியும்.”

“எனக்குச் சாயங்காலம் ரயிலு.”

“மேடம் மத்தியானம் வந்துருவாக.”

“சரி,” என்று துணியை முற்றத்தில் எறிந்தார். “அங்க ஒருத்தரும் இல்லைன்னா?”

நிழலைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. அந்த நிழல்கூட ஒரு கல்லினுடையதாக இருக்கலாம். வெறும் பிசகாகவும் இருக்கலாம்.

அவரே சொன்னார்: “இல்லைன்னா ஒங்க நகல நீங்களே கட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. ஆச்சிக்கு நான் மெட்ராஸ்ல இருந்து வேற நல்ல பிரின்ட் வாங்கி அனுப்புறேன். சரிதானா?”

சரி என்றேன். சட்டம் அடிக்கும் பக்கம் என் கண்ணுக்கு முன் வந்து நின்றது.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத விருப்பமில்லை. முற்றத்தை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று ஆச்சியைக் கேட்டால் சொல்வார். சொக்கலிங்கம் ஒரு பக்கம் கைப்பேசியில் பேசிக்கொண்டு நடந்தார், நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். எதிர்ப்படும்போது இருவரும் தூணைப் பார்த்துக்கொள்வோம். ஆச்சி இருவருக்கும் ஒரே பந்தியில் இலை போட்டார். “சண்ட போட்டவுக பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து சாப்பிடுங்க, அப்பத்தான் எனக்குப் பரிமாற லேசு,” என்றார்.

மேடம் வந்தார். கேட்டார், பார்த்தார், பூதக்கண்ணாடியையும் ஒரு மூங்கில் குச்சியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எப்படிச் செய்தார் என்பதை அவரே உங்களுக்குக் காட்டுவார். சந்தனம் செதில் செதிலாக உதிர்ந்தது. தரையில் விரித்த வெள்ளைத் துணியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பொடி விழுந்தது. சொக்கலிங்கம் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

முதலில் ஒரு வெள்ளை தெரிந்தது. பிறகு பழுப்பு. மேடம் குச்சியை எடுத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை ஆச்சியிடம் கொடுத்தார்.

ஒரு பெண். விரல்நகத்தில் பாதி உயரம். தலையில் வெள்ளைத் துணி, கீழே பழுப்புப் பாவாடை, இடுப்பில் ஒரு சுள்ளிக்கட்டு. பாதை வளைகிற இடத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஆனால் அவள் நம்மைப் பார்த்து வரவில்லை. முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

சொக்கலிங்கம்தான் முதலில் சிரித்தார். அப்படிச் சிரிப்பார் என்று நான் நினைக்கவில்லை. “எங்க ஆத்தா இத்தன வருஷமா பின்மண்டைக்கா பொட்டு வச்சாக!”

“அவுகளுக்குக் கண் பார்வை கொஞ்சம் கம்மிதான,” என்றார் ஆச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஸ்டூல்ல ஏறுறதே பெரும்பாடு. அவ எந்தப் பக்கம் பாக்குறான்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்?”

நெற்றி என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவன் நான். தூணோடு தூணாக நின்றேன். சொக்கலிங்கம் என் முதுகில் தட்டினார். “நெத்தி தப்பு. ஆளு சரி. நீங்க ஜெயிச்சீக பாய்.” பிறகு என் நகலின் பக்கம் திரும்பினார். “அப்ப இதுலயும் அவளப் போட்டுருங்க. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும். எங்கிட்ட உள்ளது ஆச்சிக்கிட்டயும் இருக்கணும்ல.”

நியாயமான பேச்சு. என் சிவப்பு இப்போது தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் துளி, ஒரு பழுப்புத் துளி, சுள்ளிக்கு ஒரு கீற்று. தூரிகை கையிலேயே இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. மேடத்தைப் பார்த்தேன். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. அதனால் ஆச்சியைப் பார்த்தேன்.

ஆச்சி மூலத்தின் முன் நின்றிருந்தார். வெகுநேரம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு நகலைப் பார்த்தார்.

“எனக்கு இவளத் தெரியாதே பாய்,” என்றார். “கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இந்தப் பொட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அவ போகட்டும், பாவம், எங்கயோ கெளம்பிப் போய்க்கிட்டு இருக்கா. எனக்கு இத விட்டுருங்க.”

நான் அளவு பிசகினால் உறங்காதவன். நகல் என்றால் மூலத்தில் இருப்பது எல்லாம் நகலில் இருக்க வேண்டும். எந்த மூலம்? நான் பார்த்து வரைந்த மூலம் காலையில் இருந்தது, பிற்பகலில் இல்லை. விரல்கள் துடித்தன. இரண்டு நிமிட வேலை. தூரிகையை மேசை மேல் வைத்தேன். அது உருண்டது. மறுபடி எடுத்து, கழுவி, துடைத்து, பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

மூலப் படம் வைக்கோலுக்குள் போய், பெட்டி வண்டியில் ஏறியது. ஆச்சி தாமே ஸ்டூலில் ஏறி நகலை ஆணியில் மாட்டினார். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கப் போனேன். மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

திரும்பும் வழியில் காரில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “நாளைக்குச் சட்டம் அடிக்கிற பக்கம் போக வேணாம். ஓவியப் பக்கம் வந்துருங்க.”

எண்ணெய் வண்ணப் படத்துக்குக் கடைசி வார்னிஷ் உடனே பூசக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதங்கள் கழித்து, முழுக்கக் காய்ந்த பிறகு, படத்தின் முகப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். அதற்காகத்தான் ஆயுத பூசை முடிந்த வாரம் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். வார்னிஷ் பாட்டில், புதுத் தூரிகை, பழைய வேட்டித் துணி எல்லாம் பையில் இருந்தன. வீட்டுத் தூண்களில் வாழைக்கன்று வாடிப்போய் இன்னும் கட்டியிருந்தது.

கூடத்தில் எல்லாப் படங்களுக்கும் பொட்டு வைத்திருந்தது. லட்சுமிக்கு நெற்றியில். மாமனாருக்கு நெற்றியில். ஊஞ்சலுக்குப் பலகை நடுவில். என் படத்தில், பாதை வளைகிற இடத்தில், ஒரு காலைப்பொழுது முழுவதும் கலந்து நான் தீட்டிய சிவப்பின் மேல், ஈரச் சந்தனம் காய்ந்து, அதன் மேல் குங்குமம் இருந்தது. நான் வைத்தது எங்கே முடிகிறது, ஆச்சி வைத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“அவளுக்கும் வச்சாச்சு பாய்,” என்றார் ஆச்சி பின்னாலிருந்து.

அதில் அவள் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் சொல்ல வேண்டியவன். சந்தனம் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது கீழே இருக்கும் வண்ணத்தையும் சேர்த்து இழுக்கும், பத்து வருஷத்தில் அந்த இடம் வெடிக்கும். இதையெல்லாம் சொல்லத்தான் சம்பளம். துணியை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். துணி கையில் பட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறும் கையை வெளியே எடுத்தேன்.

“சந்தனத்தக் கொஞ்சமா வைங்க ஆச்சி,” என்றேன்.

“ஏன், அவளுக்குக் கூசுமா?”

நான் வரையாத ஒருத்தியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?